நர்சிங் கல்லூரியின் ஆண்டு மலரை எப்படிப் படிப்பது?

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் உங்கள் மகளுக்கு பி.எஸ்சி. நர்சிங் இடம் கிடைத்திருக்கிறது. பார்க்கப் போன இடத்தில் ஆண்டு மலர் ஒன்றைக் கையில் கொடுத்திருக்கிறார்கள். கோப்பை வாங்கும் படம், தங்கப் பதக்கம், விளக்கேற்றும் விழா, கிராம முகாம், கோலப் போட்டி என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. பாடம் நடத்துகிற படம் ஒன்றுகூட இல்லை. ‘இதை நம்பிச் சேர்க்கலாமா, இல்லை ஆட்டம் பாட்டத்திலேயே நாலு வருஷம் போய்விடுமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், ‘பெண் யாரிடமும் அதிகம் பேச மாட்டாள்’ என்று போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கவலை என்று படுகிறது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து, பிறகு நர்சிங் கல்லூரியில் ஆசிரியையாகி, வேலைக் காலத்தின் பெரும்பகுதியைச் சிவகங்கை மாவட்டத்திலேயே கழித்து ஓய்வு பெற்றவள். கல்லூரியின் பெயரை நீங்கள் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும், உள்ளே போய்ப் பார்க்காத இடத்துக்கு நான் சான்றிதழ் கொடுக்க மாட்டேன். கட்டணம், வங்கிக் கடன் பற்றியும் நான் பேசப் போவதில்லை. அதெல்லாம் வருஷத்துக்கு வருஷம் மாறுகிற சமாச்சாரம், எனக்குப் பழக்கமும் இல்லை.

முதலில் மலரில் இல்லாத ஒன்றைப் பாருங்கள். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் அனுமதி, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலின் அங்கீகாரம், கிண்டியில் இருக்கும் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு, இந்த மூன்றும் நடப்புக் கல்வியாண்டுக்கு இருக்க வேண்டும். நம் ஊரில்தான் அழகப்பா பல்கலைக்கழகம் இருக்கிறதே, பட்டம் அங்கேதானே என்று பலர் கேட்பார்கள். இல்லை. தமிழ்நாட்டில் நிகர்நிலை, தனியார் பல்கலைக்கழகங்களை விட்டுவிட்டால், நர்சிங் பட்டம் எம்.ஜி.ஆர். பல்கலைக்கழகத்தில்தான். இன்னொரு குழப்பமும் உண்டு: ‘செட்டிநாடு’ என்ற பெயரோடு இருக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் அதன் நர்சிங் கல்லூரியும் சென்னைக்குப் பக்கத்தில் கேளம்பாக்கத்தில் இருக்கின்றன, செட்டிநாட்டில் இல்லை. படிப்பு முடிந்ததும் மாநிலக் கவுன்சிலில் பதிவு செய்தால்தான் உங்கள் மகள் நர்ஸ். பதிவு இல்லாமல் பட்டச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. ஆறு மாதம், ஒரு வருஷம் என்று பஸ் ஸ்டாண்ட் மாடியில் நடக்கும் ‘நர்சிங் அசிஸ்டென்ட்’ படிப்புகளுக்கு இந்தப் பதிவு கிடைக்காது. அங்கேயும் பளபளப்பான மலர் உண்டு என்பதால் சொல்கிறேன்.

சரி, இப்போது கோப்பைகள். மலரில் எஸ்.என்.ஏ. என்று பல இடத்தில் பார்த்திருப்பீர்கள். அது மாணவச் செவிலியர் சங்கம். இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் 1908-இல் தொடங்கியது. அதன் கிளையாக மாணவர்களுக்கென்று 1929-இல் இதை ஆரம்பித்தார்கள். கட்டுரை, பேச்சு, போஸ்டர், விளையாட்டு, நாடகம் என்று போட்டிகள் வைத்து, கல்லூரியிலிருந்து மாநில அளவு வரை கொண்டுபோவார்கள். பெற்றோர் பலருக்கு இது நேரத்தைத் தின்கிற வேலையாகத் தெரியும். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒரு சார்ட்டில் நாலு படம் வரைந்து, எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஒருவருக்கு இரத்தச் சோகை என்றால் என்ன என்று புரியவைப்பது நர்ஸின் தினசரி வேலை. போஸ்டர் போட்டி அதற்கான பயிற்சிதான். சங்கத்தின் கணக்கு எழுதுவது, விழாவுக்குப் பந்தல்காரரிடம் பேரம் பேசுவது, கோபித்துக்கொண்ட தோழியைக் கூட்டிவந்து மறுபடி குழுவில் உட்கார வைப்பது, இதெல்லாம் பின்னால் வார்டு இன்சார்ஜ் ஆகும்போது கைகொடுக்கும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். எல்லாப் படத்திலும் அதே நாலு முகம் தெரிந்தால், கல்லூரி அந்த நாலு பேரை மட்டும் வளர்க்கிறது என்று அர்த்தம். மலரைத் திரும்ப எடுத்து முகங்களைப் பாருங்கள்.

தங்கப் பதக்கத்துக்கும் இதே அளவுகோல்தான். பல்கலைக்கழக ரேங்க் வாங்குவது சாதாரண விஷயமில்லை, அந்தப் பிள்ளை உழைத்திருக்கிறாள். ஆனால் ஒரு ரேங்க் அந்த மாணவியைப் பற்றிச் சொல்லும் அளவுக்குக் கல்லூரியைப் பற்றிச் சொல்லாது. நீங்கள் கேட்க வேண்டியது வேறு: நாலு வருஷத்துக்கு முன் சேர்ந்த பேட்ச்சில் எத்தனை பேர் அரியர் இல்லாமல் ஒன்றாக வெளியே வந்தார்கள்? பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர், ஏன்? இந்தக் கேள்விக்கு முதல்வர் தயங்காமல் பதில் சொன்னால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. ‘நூறு சதவீத வேலைவாய்ப்பு’ என்ற வரியை மட்டும் நான் அப்படியே நம்ப மாட்டேன். நர்ஸுக்கு வேலை கிடைப்பது பெரிய விஷயமில்லை. எந்த ஆஸ்பத்திரி, என்ன சம்பளம், எத்தனை மணி நேர டூட்டி, ஒரு வருஷம் கழித்தும் அங்கே இருக்கிறார்களா என்பதுதான் விஷயம். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எய்ம்ஸ் மாதிரி இடங்களுக்கு நார்செட் தேர்வு என்று தனி வழி இருக்கிறது. அதற்குக் கல்லூரி பயிற்சி கொடுக்கிறதா என்று கேளுங்கள்.

விளக்கேற்றும் விழாவுக்கு உங்களையும் கூப்பிடுவார்கள், அவசியம் போங்கள். வெள்ளைச் சீருடையில் வரிசையாக நின்று உறுதிமொழி எடுக்கும்போது கண் கலங்காத அம்மாவை நான் பார்த்ததில்லை. ஒரு சின்னத் தகவல்: அந்த உறுதிமொழி, நவீன நர்சிங்கின் முன்னோடியான ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதியது அல்ல. 1893-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் லிஸ்ட்ரா கிரெட்டர் என்ற செவிலியர் ஆசிரியையின் தலைமையில் எழுதி, நைட்டிங்கேல் பெயரை வைத்தார்கள். படங்களில் கையில் பிடித்திருக்கும் அலாவுதீன் விளக்கும் ஓவியர்களின் கைவண்ணம்தான். கிரிமியப் போரில் அவர் தூக்கிக்கொண்டு நடந்தது மடித்து விரிக்கிற துருக்கி லாந்தர். நைட்டிங்கேலிடம் மாணவிகள் கற்றுக்கொள்ள வேண்டியது கணக்கு என்பது என் கட்சி. காயத்தால் செத்தவர்களைவிட நோய்த்தொற்றால் செத்த சிப்பாய்கள் அதிகம் என்று வரைபடம் போட்டுக் காட்டினார்; 1858-இல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரை முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. ஆகவே விழாவை ரசித்துவிட்டு, வார்டில் கை கழுவுகிற இடத்தில் சோப்பும் தண்ணீரும் இருக்கிறதா என்று ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.

வார்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. நர்சிங் கல்லூரிக்குச் சொந்த ஆஸ்பத்திரி வேண்டும், குறைந்தது நூறு படுக்கை என்பது கவுன்சில் விதி. பத்து மாணவிகளுக்கு ஓர் ஆசிரியை, வார்டில் ஒரு மாணவிக்கு மூன்று நோயாளி என்ற கணக்கும் உண்டு. ஏட்டில் எல்லாம் சரியாக இருக்கும். நேரில் போய், காலை பத்து மணிக்குப் படுக்கைகளில் நோயாளிகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். பிரசவம் பார்க்க எங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். நம் பக்கத்தில் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி 2012-இல் வந்த பிறகு, கேஸ்களைப் பார்த்துப் படிக்க மாவட்டத்துக்குள்ளேயே பெரிய இடம் கிடைத்தது. உங்கள் கல்லூரி மாணவிகள் எந்த அரசு ஆஸ்பத்திரிக்குப் போஸ்டிங், அதாவது செய்முறைப் பயிற்சிக்கு, போகிறார்கள் என்பது முக்கியம். 2021-இலிருந்து பாடத்திட்டம் எட்டுப் பருவமாக மாறியிருக்கிறது, கடைசிப் பருவம் முழுக்க இன்டர்ன்ஷிப். செய்முறை நாட்கள் நூறு சதவீதமும் முடித்தால்தான் பட்டம். மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியிடம், செய்த செய்முறைகளைத் தேதியோடு எழுதிவைக்கும் லாக் புக்கைக் காட்டச் சொல்லுங்கள். தேதி முன்பின்னாக, வேறு வேறு மையில், சில இடம் அடித்துத் திருத்தி இருந்தால் நம்பலாம். ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியது போல இருந்தால், கடைசி ராத்திரி உட்கார்ந்து நிரப்பியது.

கிராம முகாம் படங்களுக்கு வருகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. முகாம் என்றால் பேனர் கட்டி, பி.பி. பார்த்து, படம் எடுத்துக்கொண்டு திரும்புவது ஒரு வகை. அதற்கும் படிப்புக்கும் பெரிய சம்பந்தமில்லை. சமூக நலச் செவிலியப் போஸ்டிங் அப்படியல்ல. ஒவ்வொரு மாணவிக்கும் சில குடும்பங்களை ஒதுக்கிவிடுவார்கள், திரும்பத் திரும்ப அதே வீட்டுக்குப் போக வேண்டும். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோனாபட்டு பக்கம் போனால் பெரிய வீடுகள் பலவற்றில் ஆச்சி மட்டும்தான் இருப்பார், துணைக்கு ஒரு வேலையாள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. மாணவி முகப்பில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பையை வைத்து, பையின் மேலறையிலிருந்து சோப்பையும் துண்டையும் மட்டும் எடுத்துக் கை கழுவிவிட்டு வந்துதான் மற்றதைத் தொட வேண்டும். வேலை முடிந்ததும் மறுபடி கழுவி, தரையைத் தொட்ட பக்கம் உள்ளே போகும்படி தாளை மடிக்க வேண்டும். “ஏம்மா, எங்க வீட்டுத் தரை அவ்வளவு அழுக்காவா இருக்கு?” என்று ஆச்சி கேட்பார். அந்தக் கேள்விக்கு மனம் கோணாமல் பதில் சொல்லத் தெரிந்த மாணவிக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு மார்க் போடுவேன்.

அப்புறம்தான் உண்மையான பாடம். ஆச்சிக்குச் சர்க்கரை. இன்சுலின் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்றால், கெடாமல் இருக்கட்டும் என்று ஃப்ரீசரில் வைத்திருப்பதாகப் பெருமையாகச் சொல்வார். உறைந்த இன்சுலினைப் போடவே கூடாது, கீழ்த்தட்டில்தான் வைக்க வேண்டும். படுக்கை இரண்டாங்கட்டில், கழிப்பறை வீட்டின் கடைசியில். ராத்திரி நாலு நிலைப்படி தாண்டி, நடு முற்றத்தைச் சுற்றி, வழவழப்பான ஆத்தங்குடிக் கல்லில் ஈரக்காலோடு நடக்க வேண்டும். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர், கண்ணில் புரை வேறு. விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அந்த வயதில் எழுந்து நடமாடுவது பெரும்பாடு. மாணவி எழுத வேண்டிய கேர் பிளான் (பராமரிப்புத் திட்டம்) இதுதான்: படுக்கையைப் பின்கட்டுக்கு மாற்றுவது, வழியில் இரண்டு சின்ன விளக்கு, நிலைப்படி ஓரங்களில் வெள்ளைப் பெயின்ட் கோடு, படுக்கைப் பக்கத்தில் கமோடு நாற்காலி. வெளிநாட்டுப் புத்தகத்தில் செட்டிநாட்டு வீட்டின் நிலைப்படி இருக்காது. அதைத் தன் கண்ணால் பார்த்து எழுதுகிற மாணவிதான் தேறுவாள். வெள்ளைப்பணியாரத்தை விடச் சொன்னால் ஆச்சி கேட்க மாட்டார், எத்தனை, எந்த நேரத்தில் என்று பேசி முடிவுக்கு வர வேண்டும். இதற்கெல்லாம் கோப்பை கிடையாது, மலரில் படமும் வராது. முகாம் பற்றி விசாரிக்கும்போது, ‘அதே வீட்டுக்கு எத்தனை முறை போவீர்கள்?’ என்று மட்டும் கேளுங்கள்.

தைப்பூசத்துக்கு நகரத்தார் காவடி குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடக்கும்போது வழியில் முதலுதவிப் பந்தல்கள் போடுவார்கள். உங்கள் மகளின் கல்லூரி அதில் கலந்துகொண்டால் சந்தோஷப்படுங்கள். கால் கொப்புளத்தைக் குத்தி உடைக்காமல் கழுவி, மூடிக் கட்டி, ‘உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதா?’ என்று கேட்டுவிட்டு அடுத்த பாதத்துக்குப் போக வேண்டும். வரிசை நிற்காது. கல்லூரி ஆய்வகத்தில் பொம்மைக்குக் கட்டுப் போடுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் அரை மணி நேரத்தில் புரிந்துவிடும். சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போகிற கல்லூரிகளும் இருக்கலாம். அங்கே முதலாமாண்டுப் பிள்ளைகளைக் காயம்பட்டவர்கள் பக்கம் நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

இனி உங்கள் மகள். விடுதி வாழ்க்கைக்குப் பெற்றோர் முதலில் பயப்படுவது ராகிங். தமிழ்நாட்டில் 1997-லேயே இதற்குத் தனிச் சட்டம் வந்துவிட்டது, புகார் வந்தால் கல்லூரி நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். என் அனுபவத்தில் அதைவிட அடிக்கடி பிள்ளைகளை நோகடிப்பது நோயாளி முன்னால் ஆசிரியையோ வார்டு சிஸ்டரோ திட்டுவதுதான். சில இடங்களில் அதைக் கண்டிப்பு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். திட்டு வாங்கிய பிள்ளை அடுத்த முறை தவறு நடந்தால் மறைப்பாள். மருந்து விஷயத்தில் மறைப்பது உயிருக்கு ஆபத்து. அதனால் இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளோடு ஆசிரியை பக்கத்தில் இல்லாதபோது பத்து நிமிஷம் பேசுங்கள். ‘தப்பு நடந்தால் யாரிடம் சொல்வீர்கள்?’ என்று கேட்டால், ஒரு மேடத்தின் பெயரைச் சட்டென்று சொல்ல வேண்டும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள் என்றால் யோசியுங்கள்.

பேசாத பெண் நர்ஸாக முடியுமா என்றால், முடியும். கலகலப்பாகப் பேசுகிறவர்கள் நோயாளியைப் பேசவிடாமல் தாங்களே பேசிக்கொண்டிருப்பதும் உண்டு. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகள் காது கொடுத்துக் கேட்பார்கள், கிழவர்கள் அவர்களிடம்தான் வாய் திறப்பார்கள். ஆனால் டூட்டி மாறும்போது ஒவ்வொரு படுக்கையாக நின்று, அடுத்து வரும் நர்ஸிடம் நோயாளியின் நிலையைச் சொல்லி ஒப்படைக்க வேண்டும்; ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டரைக் கூப்பிட்டு, ‘சார், பி.பி. இறங்குகிறது, நீங்கள் வர வேண்டும்’ என்று அழுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பேச்சு தானாக வராது, பழக்க வேண்டும். எஸ்.என்.ஏ. மேடையும் கிராமத்து ஹெல்த் டாக்கும் அதற்குத்தான். ஆகவே கோலப் போட்டியோ குறுநாடகமோ, அவள் பெயரைக் கொடுக்கச் சொல்லுங்கள், பரிசு வேண்டாம். தமிழ் வழியில் படித்தவள் என்றால் முதல் பருவம் உடற்கூறியலும் ஆங்கிலமும் சேர்ந்து அழ வைக்கும். சீனியர்களின் நோட்டு, அறைத் தோழி, இரண்டும் இருந்தால் இரண்டாம் பருவத்தில் சமாளித்துவிடுவார்கள். ஒன்றை மட்டும் யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது: முதல் மரணத்தைப் பார்த்த பிறகு ஒரு பிள்ளை எப்படி இருப்பாள் என்பது. தைரியசாலி என்று நினைத்தவள் ஊருக்குப் போய்விட்டதும் உண்டு, தொட்டால் அழுகிறவள் மறுநாள் காலை முதல் ஆளாக டூட்டிக்கு வந்ததும் உண்டு. அந்த வாரம் அவள் போன் செய்தால் படிப்பைப் பற்றிக் கேட்காதீர்கள்.

சேர்ப்பது என்று முடிவு செய்தால் இரண்டு காரியம். அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தரச் சொல்லுங்கள். வாங்கி வைத்துக்கொள்வோம் என்றால், என்னென்ன கொடுத்தீர்கள் என்று பட்டியலிட்டு முத்திரையோடு ரசீது வாங்குங்கள். இன்னொன்று ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி. பழைய தடுப்பூசி அட்டையைத் தேடிப் பாருங்கள். சின்ன வயதில் முழுதாகப் போட்டிருந்தால் டாக்டரிடம் காட்டினால் போதும். இல்லையென்றால் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து, ஆறாவது மாதம் என்று மூன்று தவணை. நோயாளிக்குப் போட்ட ஊசியைப் பயிற்சியின்போது தவறுதலாகத் தன் கையில் குத்திக்கொள்வது நடக்கக்கூடியதுதான், கல்லூரி ஏற்பாடு செய்யட்டும் என்று காத்திருக்காமல் இந்த வாரமே முதல் தவணையைப் போட்டுவிடுங்கள்.